கயிற்றை நம்பிக் கடலில்



தேங்காய் மட்டையை அடித்து நார் எடுத்து, அந்த நாரைத் திரித்துக் கயிறாக்கி உலகுக்கு அனுப்புகின்ற வட்டாரம் நம்முடையது. பேராவூரணியிலிருந்து எந்தத் திசையில் புறப்பட்டாலும் தென்னந்தோப்பைக் கடக்காமல் அடுத்த ஊரை அடைய முடியாது. அப்படிப்பட்ட ஊர்க்காரர்களுக்குக் கயிற்றைப் பற்றி ஒருவன் கட்டுரை எழுதுவது, கொல்லன் தெருவில் ஊசி விற்பது போன்றதுதான். ஆயினும் எழுதுகின்றேன். ஏனெனில், நாம் அறிந்த கயிறு தரையில் கிடக்கும் கயிறு. கிணற்றில் வாளி இறக்கவும், மாட்டைக் கட்டவும், பிள்ளைக்குத் தொட்டில் போடவும் பழகிய கயிறு. அது அறுந்தால் வாளி போகும்; மறுநாள் பாதாளக் கரண்டி போட்டு எடுத்துக்கொள்ளலாம். உப்புநீரில் கிடக்கும் கயிறு அறுந்தால் போவது வாளி அன்று.

நமது ஊரிலிருந்து தென்கிழக்கே சிறிது தொலைவு சென்றால் சேதுபாவாசத்திரம். அங்கிருந்து கடலோரமாக வடகிழக்கே போனால் சரபோஜி மன்னர் எழுப்பிய மனோராவும் மல்லிப்பட்டினமும் வருகின்றன. இந்தக் கரையில் ஒரு விசைப்படகு என்பது ஒரு மனிதனின் உடைமை அன்று. ஒரு குடும்பத்தின் மொத்தக் கணக்கு. அதன் ஒரு பலகையில் மனைவியின் வளையல் இருக்கும். இன்னொரு பலகையில் சவூதியில் இருக்கும் தம்பி அனுப்பிய பணம் இருக்கும். எஞ்சின் கடனாக இருக்கும். இத்தனையும் துறையில் மிதந்துகொண்டிருக்க, அவற்றையெல்லாம் கரையோடு சேர்த்துப் பிடித்திருப்பது கட்டைவிரல் பருமனுள்ள ஒரு கயிறு! படகு வாங்கும்போது இலட்சங்களை எண்ணிக் கொடுத்தவர், கயிற்றுக் கடையில் கிலோவுக்கு இருபது ரூபாய் குறைக்கச் சொல்லி அரை மணி நேரம் பேரம் பேசுவதை நானே பலமுறை கண்டிருக்கின்றேன். செலவுப் பட்டியலில் கடைசியில் வருவது கயிறு. ஆகவே மிச்சம் பிடிக்கும் இடமும் அதுவாகிவிடுகின்றது.

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் அதிகாலை, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயலை நம் பகுதியில் யார் மறப்பார்? மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டிய காற்று, இரண்டு தலைமுறை வளர்த்த தென்னைகளை ஒரே இரவில் சாய்த்தது. தோப்பின் துயரம் பத்திரிகைகளில் வந்தது, வரவேண்டியதுதான். அதே இரவில் மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம் துறைகளில் படகுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்ததையும், மூழ்கியதையும், விறகாய் நொறுங்கியதையும் விடிந்த பிறகே கண்டோம். என் தங்கையின் கணவருக்கும் அங்கே ஒரு படகில் பங்கு இருந்தது. மரங்கள் விழுந்து சாலைகள் அடைபட்டதால், நானும் அவரும் மூன்றாம் நாள்தான் துறையை அடைய முடிந்தது.

படகு கிடந்த நிலையை நான் விவரிக்கப் போவதில்லை. அன்று அவர் செய்த ஒரு காரியத்தை மட்டும் சொல்கின்றேன். உடைந்த பலகைகளைப் பார்க்காமல், முதலில் அவர் தேடியது கயிற்றின் முனைகளை. மூன்று கயிறுகளால் கட்டியிருந்தார். மூன்றையும் கையில் எடுத்து, அறுந்த இடங்களை என்னிடம் காட்டினார்.

"மச்சான், நல்லாப் பாருங்க. ஒன்றாவது நடுவில் அறுந்திருக்கிறதா?"

இல்லை. ஒன்று, துறையின் சிமெண்ட் விளிம்பில் உராய்ந்த இடத்தில் இற்றிருந்தது. மற்றொன்று, முடிச்சின் கழுத்தில் அறுந்திருந்தது. மூன்றாவது அறவே இல்லை. அந்தக் கயிறு முழுமையாக இருந்தது. அதைப் பிடித்திருந்த இரும்பு வளையம்தான் துருவேறி வாய் பிளந்திருந்தது. கடைக்காரர் சொன்ன வலிமை அந்தக் கயிறுகளின் மற்ற பகுதிகளில் அப்படியே இருந்தது. அந்த வலிமையால் ஒருவருக்கும் பயனில்லை.

அன்றிலிருந்து என் மனத்தில் பதிந்தது இதுதான்: உப்புநீருக்குக் கயிறு வாங்குகின்றவர், "இது எத்தனை டன் தாங்கும்?" என்று கேட்பதற்கு முன், "இதை எது கொல்லும்?" என்று கேட்க வேண்டும். ஒவ்வொரு கயிற்றுக்கும் ஒரு பகைவன் உண்டு. அந்தப் பகைவன் இல்லாத இடத்தில் அதைக் கட்டினால் ஆண்டுக்கணக்கில் உழைக்கும்.

நம் வீட்டுக் கயிற்றிலிருந்தே தொடங்குவோம். கடலுக்கென்றே படைக்கப்பட்டது போன்றது தேங்காய் நார். மற்ற நார்களைவிட அதில் மரத்தன்மை மிகுதி. ஆகவே உப்புநீர் அதை எளிதில் அழுகச் செய்வதில்லை. ஊறினாலும் வளைந்து கொடுக்கும், இழுத்தால் நீண்டு கொடுக்கும், மிதக்கவும் செய்யும். ஆங்கிலேயர் அதற்கு வழங்கும் 'காயர்' என்ற பெயரே நம் கயிற்றிலிருந்து போனதுதான். 1343-ஆம் ஆண்டளவில் மாலத்தீவுக்கு வந்து அங்கே காஜியாகவும் பணியாற்றிய உலகப் பயணி இப்னு பதூதா, அத்தீவுப் பெண்கள் மட்டையைக் கடலோரக் குழிகளில் ஊறவைத்து, அடித்து, நூற்ற கயிற்றைப் பற்றித் தமது பயண நூலில் வியந்து குறித்திருக்கின்றார். இந்தியாவுக்கும் யமனுக்கும் சீனாவுக்கும் அது ஏற்றுமதியானது. கப்பல்களின் பலகைகளை ஆணி அடிக்காமல் இந்தக் கயிற்றால் தைத்ததற்கு அவர் கூறும் காரணம் சிந்திக்கத்தக்கது: பாறைகள் நிறைந்த கடலில் இரும்பால் இறுக்கிய கப்பல் மோதினால் உடையும், கயிற்றால் தைத்த கப்பல் அசைந்து கொடுத்துப் பிழைக்கும். இது வெறும் பழங்கதை அன்று. 2010-ஆம் ஆண்டில் ஓமான் நாட்டார், ஆணியே இல்லாமல் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்த 'மஸ்கட்டின் மாணிக்கம்' என்னும் பாய்மரக் கப்பலைச் சிங்கப்பூர் வரை செலுத்திக் காட்டினார்கள். நம் கட்டுமரமும் அதே அறிவின் பிள்ளைதான்; மரத்தைவிடக் கட்டுதான் முக்கியம் என்பதைப் பெயரிலேயே வைத்திருக்கின்றது!

இவ்வளவு பெருமை பேசிவிட்டு, இன்றைய விசைப்படகை நார்க் கயிற்றால் கட்டுங்கள் என்று சொல்வேனாகில் அது நேர்மையாகாது. அதே பருமனுள்ள நைலான் கயிறு அதைப்போல் பல மடங்கு சுமை தாங்கும். அதற்கு ஈடாக நார்க் கயிறு திரித்தால் ஒருவர் தூக்க முடியாத வடமாகிவிடும். வலையில் வேலிக் கயிறாக, உராய்வுக்கு மேற்சுற்றாக, தோணிக்கும் தோணிக்கும் நடுவே மெத்தையாக அது இன்றும் நன்றாக உழைக்கின்றது. படகையே அதன் பொறுப்பில் விடுகின்ற காலம் போய்விட்டது. தென்னை விவசாயியின் மகனாகிய எனக்கு இதை எழுதுவது வருத்தமே.

அடுத்து, கடையில் 'நைலான் கயிறு' என்று கேட்டால் எடுத்துப் போடும் கயிறு. வாசகர்களே, இங்கேதான் பெரும் குழப்பம். நம் கடைத்தெருவில் பளபளப்பான எல்லாக் கயிறுக்கும் பெயர் நைலான்தான். பச்சை, நீலம், மஞ்சள் என்று சுருள் சுருளாகத் தொங்குகின்றவற்றில் பெரும்பாலானவை நைலான் அல்ல. பாலிபுரொப்பிலீன் அல்லது பாலிஎத்திலீன். கண்டறிவது எளிது. ஒரு சாண் துண்டு வெட்டி ஒரு வாளித் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் அது நைலான் அன்று. நைலானும் பாலியெஸ்டரும் மூழ்கும். ஒரு வாளித் தண்ணீர் சொல்லும் இந்த உண்மையைக் கேட்காமலே பலர் ஆயிரக்கணக்கில் பணம் கொடுக்கின்றார்கள்.

மிதப்பதால் அது கெட்ட கயிறு என்று நான் கூறவில்லை. வலையின் தலைக்கயிறுக்கும், மிதவைக்கும், பாக் நீரிணையில் கடற்பாசி வளர்க்கும் மூங்கில் தெப்பங்களுக்கும் மிதக்கும் கயிறுதான் ஏற்றது. விலையும் குறைவு, நீர் குடிப்பதில்லை. அதன் பகைவன் சூரியன். நம்முடைய சித்திரை வெயிலில் ஓராண்டு, ஈராண்டு கிடந்தால் மேற்புரி வறண்டு, தடவினால் கையில் தூளாக ஒட்டும். அப்போதே அதன் ஆயுள் முடிந்துவிட்டது. ஆனால் புரியைப் பிரித்துப் பார்த்தால் உட்புறம் புதிதுபோல் மின்னும். அதைக் காட்டி, "இன்னும் ஒரு வருஷம் ஓடும்" என்பார்கள். மேலும், அது வெப்பத்துக்கு இளகும். இரும்புக் குற்றியில் சுற்றி வேகமாக விட்டால் உராய்வுச் சூட்டிலேயே உருகி ஒட்டிக்கொள்வதைக் காணலாம்.

உண்மையான நைலானின் சிறப்பு அதன் நீட்சி. அறுவதற்கு முன் நூறு அடிக் கயிறு நூற்று முப்பது அடிக்கு நீளும். அலை படகைத் தூக்கி இழுக்கும்போது அந்த உலுக்கலைத் தானே வாங்கிக்கொண்டு, படகின் கொக்கியையும் துறையின் குற்றியையும் காக்கின்றது. ஆகவே நங்கூரத்துக்கு அதுவே சிறந்தது. நனைந்தால் அதன் வலிமையில் பத்து முதல் பதினைந்து விழுக்காடு குறையும். அதைக் கணக்கில் வைத்தே பருமனைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இன்னொன்று: நீண்ட நைலான் அறுந்தால் சாட்டை போல் திரும்பி அடிக்கும். கை கால் முறியும், உயிரே போகும். படகை இழுக்கும்போது கயிற்றுக்கு நேர்கோட்டில் பிள்ளைகளை நிற்கவிடாதீர்கள். துறையில் வேடிக்கை பார்க்கும் சிறுவர்கள் நிற்பது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

பாலியெஸ்டர் இவ்வளவு நீளாது. நனைந்தாலும் வலிமை குறையாது. வெயிலையும் உராய்வையும் மற்றவற்றைவிடப் பொறுத்துக்கொள்ளும். ஆண்டு முழுவதும் துறையில் வெயிலில் கிடக்க வேண்டிய கட்டுக் கயிறுக்கு, என் எண்ணத்தில், இதற்கு இணையில்லை. விலை சற்று அதிகம். நம் பக்கத்துக் கடைகளில் சில வேளை சொல்லி வைத்துத்தான் வாங்க வேண்டும். சொல்லி வையுங்கள்.

பருமனைப் பற்றி ஒரு சொல். பன்னிரண்டு மில்லிமீட்டர் கயிறுக்கும் பதினாறு மில்லிமீட்டர் கயிறுக்கும் வேறுபாடு பார்வைக்கு ஒரு நூல் அளவுதான். வலிமையிலோ ஏறத்தாழ முக்கால் பங்கு கூடுகின்றது. வலிமை பருமனின் வர்க்கத்தைத் தொடர்ந்து வளர்வதால் இப்படி. பன்னிரண்டு மில்லிமீட்டர் நைலான் சுமார் மூன்று டன்னில் அறும் என்றால், அதன்மேல் ஏற்றத்தக்க சுமை மூன்று டன் அன்று. அதில் ஐந்தில் ஒரு பங்குதான். கிலோக் கணக்கில் விற்கும் கடைகளில் மறுசுழற்சிப் பிளாஸ்டிக்கில் திரித்த கயிறும் கலந்து வருகின்றது. நிறம் மங்கி, வளைத்தால் மொறுமொறுவென்று முறியும் தன்மையோடு இருந்தால், எவ்வளவு மலிவானாலும் அது பந்தல் கட்டத்தான் ஆகும்.

இரும்பை நம்புவோர் உண்டு. "கயிறு அறும், சங்கிலி அறுமா?" என்பார்கள். அறும், ஆனால் முன்னறிவிப்பு இல்லாமல் அறும். இழுவலைப் படகின் வின்ச்சில் சுற்றியிருக்கும் கம்பி வடம், வெளியே துத்தநாக முலாம் வெள்ளையாக மின்ன, உள்ளே உள்ள புரிகளில் துரு தின்றுகொண்டிருக்கும். எண்ணெயிட்டுப் பராமரித்தால்தான் அது பிழைக்கும். மேலே பிளாஸ்டிக் உறை போட்ட கம்பி இன்னும் ஆபத்தானது. உறையின் ஒரு சிறு கீறல் வழியே புகுந்த உப்புநீர் வெளியேற வழியின்றி உள்ளேயே அமர்ந்து அரிக்கின்றது. வெளியில் உறையோ புதிதுபோல் இருக்கும்!

எவர்சில்வர் துருப்பிடிக்காது என்பது சமையலறை உண்மை. கடலில் அது பாதி உண்மை. காற்றுப் புகாத இடுக்குகளில், மரையின் உட்புறத்தில், முடிச்சின் அடியில், அதைக் காக்கும் மெல்லிய படலம் புதுப்பித்துக்கொள்ள முடியாமல் அழிந்து, ஊசித்துளைகள் விழுகின்றன. வாங்கத்தான் வேண்டுமென்றால் 316 என்று குறிப்பிட்ட தரத்தைக் கேளுங்கள். மாலிப்டினம் கலந்திருப்பதால் 304-ஐவிட உப்பைத் தாங்கும். எவர்சில்வர் வளையத்தை முலாம் பூசிய சங்கிலியில் மாட்டாதீர்கள். இருவேறு உலோகங்கள் உப்புநீரில் சேர்ந்தால் மின்கலத்தைப் போலாகி, ஒன்று மற்றொன்றைத் தின்றுவிடும். கஜாவில் வாய் பிளந்த அந்த வளையத்தின் கதையும் இதுவே. ஆளுக்கொரு இடத்தில் வாங்கி மாட்டிய இரண்டு உலோகங்கள்.

நல்ல கயிற்றையும் கெடுத்துவிடக்கூடிய கை நம் கைதான். முடிச்சுப் போட்டதுமே கயிறு தன் வலிமையில் ஏறக்குறைய பாதியை இழக்கின்றது. மூன்று புரிகளையும் பிரித்துக் கயிற்றுக்குள்ளேயே பின்னிக் கண்ணி செய்தால் பத்தில் ஒன்பது பங்கு நிற்கும். இந்தப் பின்னலை அறிந்த முதியவர்கள் மல்லிப்பட்டினத்தில் இன்னும் இருக்கின்றார்கள். ஒரு மாலைப் பொழுதில் கற்றுக் கொடுப்பார்கள். கண்ணிக்குள் ஒரு இரும்பு வளையம் வைத்துவிட்டால் அது மடங்கித் தேயாது. சிமெண்ட் விளிம்பைத் தொடும் இடத்தில் பழைய ரப்பர் குழாயை ஓரடி நீளம் வெட்டிக் கயிற்றில் கோத்துவிடுங்கள். தூண்களில் ஒட்டியிருக்கும் சிப்பிகள் கத்தியைவிடக் கூர்மையானவை. அவற்றின் பக்கம் கயிறு போகாமல் பாருங்கள். வாய்ப்புக் கிடைக்கும்போது நல்ல தண்ணீரில் அலசுங்கள். காய்ந்த உப்புப் பொடி புரிகளுக்கு இடையே அமர்ந்து, ஒவ்வொரு அசைவிலும் அரம் போல் இழைகளை அறுக்கின்றது.

நங்கூரக் கயிற்றின் நீளத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். நம் பாக் நீரிணை ஆழமற்ற கடல். பல இடங்களில் ஐந்தாறு பாகம் கூட இல்லை. அதனால் குட்டைக் கயிறே போதும் என்று எண்ணுகின்றார்கள். ஆழத்தைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கு கயிறு விட்டால்தான் இழுவை கிடையாக விழுந்து, நங்கூரம் சேற்றில் ஊன்றும். நீளம் குறைந்தால் ஒவ்வொரு அலையும் நங்கூரத்தை மேல்நோக்கிப் பிடுங்கும். கயிறுக்கும் நங்கூரத்துக்கும் நடுவே சில பாகம் சங்கிலி இருந்தால், அதன் எடை இழுவையைத் தரையோடு படியவைக்கும்; அடியில் உள்ள கல்லும் சிப்பியும் கயிற்றைத் தொடாது.

முத்துக்குளித்த காலத்துச் செய்தி ஒன்று நினைவுக்கு வருகின்றது. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நின்று நெடுங்காலமாகிவிட்டது. தூத்துக்குடிப் பக்கம் கடைசியாக நடந்தது 1961-இல். கல்லைக் காலில் மாட்டி ஒருவர் இறங்குவார். மேலே தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். கயிறு அசைந்ததும் இழுக்க வேண்டும். ஒரு நொடி தாமதித்தாலும் கீழே இருப்பவர் திரும்புவதில்லை. அந்தக் கயிற்றை மைத்துனன் கையில்தான் கொடுப்பார்கள் என்று கடற்கரையில் சொல்வதுண்டு. தன் உடன்பிறந்தாள் விதவையாவதை எந்தச் சகோதரனும் விரும்பமாட்டான் அல்லவா! கீழே இருப்பவருக்குக் கயிற்றின் விலை என்னவென்று அந்த மக்கள் சரியாகக் கணக்கிட்டிருந்தார்கள்.

இன்று ஃபைபர் படகில் இருவராய், சில வேளை தனியாகவும், இரவில் வலை விடப் போகின்றார்கள். தவறி விழுந்தால் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும் படகு தன் வழியே போய்விடும். இடுப்பில் ஒரு கயிறு கட்டிப் படகோடு இணைத்துக்கொள்ளச் சொன்னால் சிரிக்கின்றார்கள். வலைக்கும் மீன்பெட்டிக்கும் கயிறு வாங்குகின்ற கடையிலேயே அதுவும் கிடைக்கும். நான்கு பாகம் போதும். சகோதரிகளே, வீட்டுக் கணக்கு உங்கள் கையில் இருக்கின்றது. அடுத்த முறை கயிற்றுக்குப் பணம் எண்ணிக் கொடுக்கும்போது இந்த நான்கு பாகத்தையும் சேர்த்துக் கேளுங்கள். நீங்கள் கேட்டால் வாங்குவார்கள்.

கழித்த கயிற்றை என்ன செய்வது? பலர் கடலிலேயே வெட்டி விட்டுவிடுகின்றார்கள். நார்க் கயிறாக இருந்த காலத்தில் அது மக்கி மறைந்தது. பிளாஸ்டிக் கயிறு மறையாது. நம் கரைக்கு எதிரே உள்ள கடற்புல் படுகைகளில் மேயும் ஆவுளியாவைக் காப்பதற்கென்றே 2022-ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு, தஞ்சை, புதுக்கோட்டைக் கடற்பரப்பில் 448 சதுர கிலோமீட்டரைக் காப்பகமாக அறிவித்தது. மூச்சுவிட மேலே வந்தாக வேண்டிய அந்த வாயில்லா உயிர், கைவிட்ட வலையிலும் கயிற்றிலும் சிக்கினால் மூழ்கியே சாகும். அதே கயிறு நம் படகின் விசிறியிலும் சுற்றிக்கொள்ளும்.

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அறுபத்தொரு நாள் மீன்பிடித் தடையில் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. என் மச்சான் அந்நாட்களில்தான் கயிறு பார்க்கின்றார். புதிய படகின் எல்லாக் கயிறுகளையும் கரையில் நீட்டிப் போட்டு, ஒரு முழத்துக்கு ஓரிடம் புரியைத் திறந்து பார்க்கின்றார். வளையங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மரையை நகத்தால் சுரண்டுகின்றார். துறையில் இரண்டாண்டு உழைத்ததை வலைக்கு இறக்குகின்றார். வலையில் உழைத்ததை என்னிடம் அனுப்பிவிடுகின்றார். கஜாவுக்குப் பின் நட்ட தென்னங்கன்றுகள் காய்க்கத் தொடங்கிவிட்டன. காற்றுக் காலத்தில் அவற்றுக்கு முட்டுக் கொடுத்துக் கட்டுவது அந்தக் கயிற்றால்தான்.